வாடகைக் கட்சி

திண்டிவனம்
7 செப்டம்பர் 2025

ஸ்ரேயான்ஸ் அவர்களுக்கு,

கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நிச்சயம் முடிந்த பெண் மாப்பிள்ளைக்குத் தபாலில் கடிதம் போடுவது இந்தக் காலத்தில் வேடிக்கையாகத் தெரியும். நீங்கள் ஞாயிறுதோறும் தவறாமல் ஃபோன் செய்கிறீர்கள். அப்பா அதை ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்தின் நடுவில் வைத்துவிடுகிறார். வீடே சுற்றி உட்கார்ந்து கேட்கும்போது ‘சாப்பிட்டீங்களா’ என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வருவதில்லை. ஃபோனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனால் பின்னால் சிரிப்பார்கள். போகாமல் இருந்தால் பெண் ஊமையோ என்று உங்களுக்குத் தோன்றிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

உறையின் மேல் உள்ள கையெழுத்து என்னுடையது அல்ல. விலாசம் எழுத உட்கார்ந்தபோது அம்மா பார்த்துவிட்டார்.

“அவரு பேர நீ எழுதலாமாடி?”

“எழுதலன்னா தபால் எப்படிம்மா போவும்?”

“வேற யாரையாவது வுட்டு எழுதச் சொல்லு. உள்ள இன்னா வேணா எழுதிக்க.”

என்னோடு படிக்கும் வேணி எழுதிக் கொடுத்தாள். ஊரில் போடாமல் வகுப்புக்கு வரும் திண்டிவனத்தில்தான் தபாலில் சேர்க்கிறேன். உள்ளே எழுதலாம் என்று அம்மாவே சொல்லிவிட்டதால் பெயரை மேலே எழுதியிருக்கிறேன்.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். திண்டிவனத்தில் வங்கி வேலைக்குப் பயிற்சி வகுப்பு போகிறேன் அல்லவா, அங்கே ராஜ்குமார் சார் எங்களைக் குழுவாக உட்காரவைத்து விவாதம் செய்யச் சொல்கிறார். என்னைப் போல வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படித்தவர்கள் நேர்முகத் தேர்வில் வாய் திறக்காமல் தோற்கிறார்கள் என்பது அவர் கணக்கு. அடுத்த மாத விவாதத்துக்கு அவர் தந்த தலைப்பு: ராணுவம் பெரிய சரக்கு விமானங்களைச் சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டுமா, தேவைப்படும்போது வாடகைக்கு எடுத்தால் போதுமா? யார் எந்தக் கட்சி என்று சீட்டுக் குலுக்கினார். எனக்கு வாடகை வந்தது.

உடனே வல்லரசு என்கிற பையன், “உன் ஆளு அந்த ப்ளேன்லதான் வேலை செய்யறாரு. வாடகை ப்ளேன்னா அவனுங்க ஆளோடதான் வரும். நீ ஜெயிச்சா அவரு வூட்டுக்குத்தான் வரணும்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மயிலம் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் வீட்டுக்கு வருவது ஒன்றும் கெட்ட முடிவாகத் தெரியவில்லை.

நீங்கள் அந்த விமானத்தில் என்ன செய்கிறீர்கள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. நிச்சயத்தன்று கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா ‘ப்ளேன்ல பெரிய வேலை’ என்றார். உங்களுக்கு நேரம் இருந்தால் எழுதுங்கள். எந்தக் கட்சி சரி என்றும் எழுதுங்கள்.

நிச்சயத்துக்கு மறுநாள் உங்கள் அம்மா சொன்னார்கள், விழுப்புரத்து வீட்டு மாடியில் நமக்காக ஓர் அறை எழும்புகிறது, கல்யாணத்துக்குப் பிறகு நான் அங்கே இருப்பேன், நீங்கள் லீவில் வந்து போவீர்கள் என்று. எல்லோருக்கும் சந்தோஷம். நானும் தலையாட்டினேன். வருடத்தில் பத்து மாதம் நீங்கள் இல்லாத உங்கள் வீட்டில் இருக்கப்போகிறேன். அதைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

பிராமி


விமானப்படைத் தளம்
21 செப்டம்பர் 2025

பிராமி,

‘அவர்களுக்கு’ என்று எழுதினாயே, அது என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. என்னோடு வேலை செய்யும் தேவா, வானூர்க்காரன், முதல் வரியை எட்டிப் பார்த்துவிட்டு, “டேய் நயினாரு, லோன் கட்டலியா? பேங்க்ல இருந்து நோட்டீஸ் வந்துக்கிது” என்றான். நயினார் வீட்டுப் பையன் என்பதால் இங்கே எனக்கு அதுதான் பெயர். அடுத்ததில் அன்புள்ள என்று போடு. நான் நீ என்றே எழுதுகிறேன், கோபம் இல்லையே?

ஊமை என்று நினைக்கவில்லை. நீ ‘ம்’ சொல்வதில் மூன்று நான்கு வகை இருக்கிறது. எனக்கு இப்போது ஓரளவு பிடிபடுகிறது.

என் வேலையைச் சொல்கிறேன். எனக்கு லோட் மாஸ்டர் என்று பெயர். விமானத்தின் வயிற்றுக்குள் எது எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்து சங்கிலி போட்டுக் கட்டுகிறவன். பின்பக்கம் கனம் கூடினால் மூக்கு தூக்கிக்கொள்ளும். நடுவானில் ஒரு ஜீப் அவிழ்ந்து உருண்டால் கதை முடிந்தது. மலை மேல் உள்ள தளத்துக்குக் காலையில்தான் போக முடியும். மதியத்துக்கு மேல் காற்று கெட்டுவிடும். ஜெனரேட்டர், மருந்து, வெங்காய மூட்டை, லீவு முடிந்து திரும்பும் பையன்கள், எல்லாம் போகும். இறங்கியதும் என்ஜினை அணைக்காமலே இறக்கிவிட்டுத் திரும்புவோம்.

உன் கட்சி தோற்கிற கட்சி. வாடகையில் லாபம் இல்லை என்று சொல்லமாட்டேன். சும்மா நிற்கிற நாளிலும் சொந்த விமானம் செலவு வைக்கும், உண்மை. ஆனால் நான் வளர்ந்தது முழுக்க வாடகை வீட்டில். கீழ்பெரும்பாக்கத்தில் இருந்தபோது எனக்குப் பத்தாவது பரீட்சை. அந்த வாரம் வீட்டுக்காரர் வந்து, “எம் பொண்ணு பிரசவத்துக்கு வர்றா. ஜல்தியா காலி பண்ணிக் குடுத்துடுங்க” என்றார். அவர் மேல் தப்பே இல்லை. அவர் மகள், அவர் வீடு. அவருக்குத் தேவை வந்தால் நமக்கு இல்லை. அப்பா புத்தக மூட்டையைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அன்றைக்கே நான் சொந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

விமானமும் அப்படித்தான். அவ்வளவு பெரியதை வாடகைக்கு விடுபவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர். சண்டையோ பூகம்பமோ வந்தால் எல்லோரும் ஒரே நாளில் அவர்கள் வாசலில் நிற்பார்கள். வேறு ஒருவர் கூடுதலாகத் தந்தால் அங்கே போவார்கள். அப்படியே வந்தாலும், ஆபத்தான இடத்தில் இறங்காதே என்று காப்பீட்டுக்காரன் சொல்லிவிட்டால் அவன் எப்படி இறங்குவான்?

உனக்குச் சிரிப்பு வர ஒன்று சொல்கிறேன். இங்கே மெஸ் திறப்பதே இருட்டிய பிறகு. பொழுது சாய்ந்தால் நாம் சாப்பிடக் கூடாதே, அதனால் நான் ஐந்து மணிக்கே சமையல்காரரிடம் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டுவிடுவேன். மேற்கே பறக்கிற நாளில் சூரியன் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. அன்றைக்கு தேவா, “நயினாரு, ஒனக்கு இன்னிக்கு எக்ஸ்ட்ரா டைம்டா” என்று தன் டப்பாவையும் என்னிடம் நீட்டுவான்.

நீ கேட்க வேண்டும் என்று நிறுத்திக்கொண்டது என்ன? எழுது. அதோடு, சீட்டை விடு, உண்மையில் நீ எந்தக் கட்சி?

ஸ்ரேயான்ஸ்


திண்டிவனம்
12 அக்டோபர் 2025

அன்புள்ள ஸ்ரேயான்ஸ்,

போட்டுவிட்டேன். பேங்க் நோட்டீஸ் அல்ல என்று தேவா அண்ணனிடம் சொல்லுங்கள்.

பத்தாவது பரீட்சை வாரத்தில் வீடு மாறியதைப் படித்தேன். சைக்கிள் வந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் மேலே படிக்க முடிந்தது. மாடி அறையை உங்கள் அப்பா ஏன் அவ்வளவு பிரியமாகக் கட்டுகிறார் என்று புரிந்தது.

விவாதம் முடிந்தது. வல்லரசுதான் சொந்தக் கட்சிக்குத் தலைவன். நாட்டுப் பெருமை, கொடி, வால் பகுதியில் நம் நிறம் என்று உரக்கப் பேசினான். என் முறை வந்தபோது எழுந்து நின்றேன். என் கட்சிக்கு எதிரானதை எல்லாம் நீங்களே எழுதிவிட்டதால் எனக்குச் சொல்ல மிச்சமும் இல்லை. என்ன தோன்றியதோ, எங்கள் ஊர் அண்டாவைப் பற்றிப் பேசினேன்.

நிச்சயத்தன்று நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். எங்கள் ஜினாலயத்தை ஒட்டி ஓர் அறை உண்டு. அதில் பெரிய அண்டாக்கள், சோறு வடிக்கும் கூடைகள், தோசைத்திருப்பி மாதிரி ஆள் உயரக் கரண்டிகள் எல்லாம் இருக்கின்றன. ஊர் சேர்ந்து வாங்கியது. கடையில் வாடகைக்கு வரும் அண்டாவில் முந்தின நாள் கறி வெந்திருக்கும். அதில் நாம் சமைக்க முடியாது. ஒவ்வொரு வீடும் சொந்தமாக வாங்கிவைக்கவும் முடியாது. எனவே எல்லோருக்கும் பொது, யார் வீட்டில் கல்யாணமோ அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இதைச் சொல்லி, சில நாடுகள் இப்படித்தான் சேர்ந்து விமானம் வாங்கி, பறக்கும் மணிக்கணக்கைப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று படித்ததையும் சொன்னேன்.  பிறகு ராஜ்குமார் சார் கேட்டார்:

“ஒரே நாள்ல ரெண்டு கல்யாணம் வந்தா?”

“வராது சார்.”

“ஏன் வராது?”

“இதுவரிக்கும் வந்ததில்ல சார்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

போன வாரம் வந்துவிட்டது.

எங்கள் தெருக்கோடி வீட்டு ஞானமதியை உங்களுக்குத் தெரியும். நிச்சயத்தன்று எனக்குப் பூ வைத்துவிட்டு உங்களைப் பார்த்து ‘ஒல்லியா இருக்காரே’ என்று சத்தமாகச் சொன்னவள். அவள் அப்பா தரணேந்திரன் மாமா கல்கண்டோடு வந்து, ஜனவரி இருபத்தெட்டு கல்யாணம் என்றார். நம் தேதியேதான். அது அப்பாவுக்கு முன்பே தெரியும். ஆனால் அவர்கள் திண்டிவனத்தில் மண்டபம் பிடித்திருப்பதால் அண்டா நமக்குத்தான் என்று நினைத்திருந்தார்.

“அண்டா ரூம் சாவி எங்கிட்டதான் இருக்கணும், ரெண்டு நாள் முன்னாடியே எடுத்துக்கினு போயிடுவேன்” என்றார் மாமா.

“நீங்கதான் மண்டபமாச்சே. அங்க பாத்திரம் இல்லியா?”

“இருக்குது. அதுல நேத்து பிரியாணி வெந்திருக்கும். எங்க சம்பந்திக்கு அதுலயா சோறு போடறது? உங்களுது ஊர்ல, சின்னக் கல்யாணம், வூட்டுப் பாத்திரத்துலயே முடிச்சிக்குவீங்கன்னு இருந்தேன்.”

‘சின்னக் கல்யாணம்’ என்ற சொல்லில் அப்பா எழுந்துவிட்டார். கல்கண்டுத் தட்டு அப்படியே இருந்தது. அன்றிலிருந்து இரண்டு பேரும் கோயிலில் பக்கத்தில் பக்கத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வேறு வேறு வாசலில் வெளியே போகிறார்கள். அப்பா சொந்தமாக அண்டா வாங்கப்போகிறேன் என்கிறார். அம்மா, “வாங்குங்க. கல்யாணம் முடிஞ்சி அத எங்க வெக்கிறது? நீங்க அதுலயே படுத்துக்கிறீங்களா?” என்கிறார்.

ராஜ்குமார் சாரிடம் அவர் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது என்று சொன்னேன். அவர் யோசித்து, ஒரு வீடு பகலில், ஒரு வீடு ராத்திரி ரிசப்ஷன் வைத்துக்கொண்டால் தீர்ந்தது என்றார். நாங்கள் சமணர்கள், பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டோம் என்றேன். வல்லரசு, “அப்ப உங்க கல்யாணத்துக்கு வந்தா நைட்டு பசியோடதான் பஸ் ஏறணுமா?” என்று உண்மையான கவலையோடு கேட்டான்.

நீங்கள் லீவு கேட்டிருப்பது அந்தத் தேதிக்கு. அதை மாற்றினால் மறுபடி எப்போது கிடைக்குமோ தெரியாது என்று சொல்லியிருந்தீர்கள். எனவே தேதியை விட்டுக்கொடுக்க எனக்கும் மனமில்லை. ஞானமதியின் மாப்பிள்ளை தர்மேஷுக்கும் ஏதோ லீவுப் பிரச்சினையாம்.

போன ஞாயிறு அத்தை டைல்ஸ் பார்க்கக் கூப்பிட்டார்கள் என்று விழுப்புரம் போயிருந்தேன். மாடி ஏறிப் பார்த்தேன். பூச்சு வேலை முடியவில்லை. ஜன்னலில் நின்றால் ஜங்ஷனில் வண்டி வருவதை மைக்கில் சொல்வது கேட்கிறது. அத்தை ஒவ்வொரு மூலையையும் காட்டி, இங்கே கட்டில், இங்கே உன் புத்தகம் என்று சொன்னார்கள். நல்ல மனசு. அறையும் நன்றாக இருக்கிறது. ஒரு ஆளுக்கு மிகவும் பெரியது.

நான் எந்தக் கட்சி என்று கேட்டிருந்தீர்கள். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிராமி


விமானப்படைத் தளம்
2 நவம்பர் 2025

அன்புள்ள பிராமி,

உன் கடிதத்தை தேவாவுக்குப் படித்துக் காட்டினேன், எல்லாம் இல்லை, அண்டா வரை. “உங்க ஊரு பிரச்சினைய டில்லிக்கு அனுப்புடா, அவங்களும் இதத்தான் யோசிச்சிக்கினு இருக்காங்க” என்றான்.

ஒரு சரக்குக்காரனிடம் சொன்னாய் அல்லவா, தீர்வு தயார். அண்டாவை இரண்டு வீடும் பங்கு போட வேண்டாம், நேரத்தைப் பங்கு போடுங்கள். ஞானமதியின் முகூர்த்தம் விடியற்காலை என்று அம்மா சொன்னார். அவர்கள் காலைச் சாப்பாட்டோடு முடிக்கட்டும். உடனே ஒரு குட்டி யானை வண்டியை வாடகைக்குப் பிடித்து அண்டாவை ஏற்றி உங்கள் ஊருக்குக் கொண்டுவந்துவிடலாம். நமது முகூர்த்தம் பத்தரைக்கு மேல். மதிய விருந்து நமக்கு. பெரிய அண்டா நடுவில், சின்னது உள்ளே, கரண்டிகள் ஓரத்தில், கயிறு இரண்டு சுற்று. படம் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். வர வர இதுதான் என் கொள்கை: சுத்தமாக இருக்க வேண்டியதும் கூப்பிட்டால் வந்தே ஆக வேண்டியதும் சொந்தமாக இருக்கட்டும். வெறுமனே சுமப்பதை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். உன் கட்சிக்கும் பாதி மார்க்.

லீவுக்குக் கையெழுத்து ஆகிவிட்டது. பெரிய அவசரம் எதுவும் வராவிட்டால் ஜனவரி இருபதுக்குள் ஊரில் இருப்பேன். பிப்ரவரி நடுவில் திரும்ப வேண்டும். இந்த விமானத்துக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் இங்கே கொஞ்சம் பேர், ஒருவன் நகர்ந்தால் மற்றவனுக்கு ஓய்வு போய்விடுகிறது.

டைல்ஸ் நீங்கள் பார்த்த சந்தனக் கலரே இருக்கட்டும். நீ எதற்கும் கஷ்டப்படக் கூடாது என்பதுதான் என் ஆசை. இங்கே குவார்ட்டர்ஸ் வரிசை நீளம், இப்போதைக்குக் கிடைக்காது. வெளியே வாடகை வீடு என்றால் பேஜாரு. தேவா போன வருடம் கவிதாவை அழைத்து வந்திருந்தான். ஆறு மாதத்தில் வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம், மாடி வேண்டும் என்றார். கவிதா மூட்டையைக் கட்டிக்கொண்டு வானூருக்கே போய்விட்டாள். உனக்கு அந்த நிலைமை வேண்டாம். விழுப்புரத்து அறையில் இருந்து உன்னை யாரும் காலி செய்யச் சொல்லமாட்டார்கள்.

‘ஒரு ஆளுக்கு மிகவும் பெரியது’ என்றாயே, உன் புத்தகங்களுக்கு அலமாரி போட்டால் நிறைந்துவிடும். அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

நீ கேட்க வேண்டியதை இன்னும் கேட்கவில்லை. இரண்டு கடிதமாகக் காத்திருக்கிறேன்.

அன்புடன்
ஸ்ரேயான்ஸ்


திண்டிவனம்
7 டிசம்பர் 2025

அன்புள்ள ஸ்ரேயான்ஸ்,

பதில் தாமதமாகிவிட்டது. மழை ஒரு காரணம். இன்னொரு காரணம், நடந்ததெல்லாம் முடியட்டும் என்று காத்திருந்தேன்.

முதலில் உங்கள் படம். கயிறு கட்டும் விதம் எல்லாம் பிரமாதம் என்று அப்பாவே சொன்னார். ஆனால் நீங்கள் கல்யாண வீட்டில் சாப்பிட்டுத்தான் பழக்கம், சமைக்கும் பக்கம் போனதில்லை என்று தெரிகிறது. காலைப் பந்தி முடிகிற வரை உலை கொதித்துக்கொண்டேதான் இருக்கும். கடைசிப் பந்திக்கு வெந்த அண்டாவை உடனே தூக்க முடியாது, கை வெந்துவிடும். ஆறவைத்துக் கழுவி, மண்டபத்தில் இருந்து இங்கே வந்து, மறுபடி உலை வைத்து, பொழுது சாய்வதற்குள் உங்கள் விழுப்புரத்து உறவு முழுக்கச் சாப்பிட்டு எழுவது நடக்காது. உங்கள் விமானத்தில் என்ஜினை அணைக்காமலே இறக்கலாம். அண்டாவில் அது முடியாது.

ஞானமதியிடம் இதைச் சொன்னேன். அப்பாக்கள் பேசாததால் நாங்கள் இருவரும் பால் டிப்போவில்தான் பேசிக்கொள்வோம். அவள், “நம்மளுத ரெண்டா பிரிக்க முடியாது. பக்கத்து ஊர்க் கோயில்லயும் ஒரு செட்டு இருக்குது. போய் கேப்பமா?” என்றாள். இதுவரை யாரும் கேட்டதில்லை. ஒவ்வொரு ஊரும் தன் அண்டாவைத் தன் ஊருக்குள்ளேயே வைத்திருக்கும். எனக்கு அடுத்த வீட்டில் உப்பு கேட்பதே பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியாது. எப்படியோ பஸ் ஏறிவிட்டோம்.

அந்தக் கோயிலின் கமிட்டித் தலைவர் விருஷபதாஸ். வேர்க்கடலை காயப்போட்ட களத்தில் மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“யார் வூட்டுப் பொண்ணுங்க? பெரியவங்க வரலியா?”

ஞானமதி வாய் ஓயாதவள். அன்றைக்குப் பார்த்து என் கையைக் கிள்ளிவிட்டுச் சும்மா நின்றாள். நான் பேச வேண்டியதாயிற்று.

“அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லைங்க. அதான் நாங்க வந்தோம்.”

“கல்யாணம் யாருக்கு?”

“எனக்குங்க. இவளுக்கும்.”

“கல்யாணப் பொண்ணே வந்து அண்டா கேக்கறீங்க. வெக்கமா இல்ல?”

“இருக்குதுங்க.”

அவர் சிரித்துவிட்டார். உள்ளே பார்த்து இரண்டு பேருக்கும் மோர் கொண்டுவரச் சொன்னார். பிறகு கறாராகப் பேசினார். “வாடகைக்கெல்லாம் குடுக்க மாட்டோம். காசு வாங்கினா நாளைக்கு யார்னா வந்து கேப்பான், இல்லன்னு சொல்ல முடியாது. சும்மாவும் இல்ல. எங்க தேர் அன்னிக்கு உங்க அண்டா இங்க இருக்கணும். நாங்க வந்து கேக்க மாட்டோம். தானா வரணும்.”

சரி என்று நானே சொல்லிவிட்டேன். ஊர் சார்பாக ஒப்புக்கொள்ள நான் யார் என்று திரும்பும்போதுதான் பயம் வந்தது. ஆனால் எங்கள் கமிட்டியில் யாரும் மறுக்கவில்லை. நம்முடைய அண்டா நம் கல்யாணத்துக்கு, அந்த ஊர் அண்டா ஞானமதிக்கு என்று முடிவானது.

நேற்று முன்தினம் அந்த ஊர் அண்டாவை ஈயம் பூசுவதற்காக எடுத்துவரப் போனோம். உங்கள் கொள்கைப்படி வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்தோம். சேரன் என்பவருடைய குட்டி யானை. இரண்டு அப்பாக்களும் வண்டியில் ஆளுக்கொரு மூலையில் நின்றுகொண்டு வந்திருந்தார்கள். விருஷபதாஸ் ஐயா அண்டாவைத் தொடவிடவில்லை. வண்டியை ஒரு சுற்று சுற்றி மோந்து பார்த்தார்.

“நேத்து இன்னா ஏத்துன?”

“கோழிக் கூண்டுதாங்க. கழுவி வுட்டுட்டனே.”

“எத்தினி தடவ?”

“நீங்க சொல்லுங்க, இன்னொரு தடவ கழுவறேன்.”

தரணேந்திரன் மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா மாமாவைப் பார்த்தார். எங்கள் வீட்டில் எல்லோரும் பாத்திரத்தில் என்ன வெந்தது என்று நூறு முறை கேட்பார்கள். வண்டியில் என்ன ஏறியது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பா மெதுவாக, “நீங்களாவது கேட்டிருக்கலாம் இல்ல?” என்றார். “நீங்கதான பேச மாட்டேன்னீங்க” என்றார் மாமா. இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் வார்த்தை அதுதான். அதற்குப் பின் வீடு வரும் வரை நிறுத்தவே இல்லை, முழுவதும் சண்டைதான் என்றாலும்.

கடைசியில் எங்கள் நிலத்துக்குப் பக்கத்து நிலத்து கோவிந்தம்மாள் அக்கா தன் டிராக்டரை அனுப்பினார். “மல்லாட்டை மூட்டை தவிர அதுல ஒண்ணும் ஏறினதில்ல. வாடகை வேணாம். ரெண்டு கல்யாணத்துக்கும் பத்திரிகை வெச்சிடுங்க” என்றார். அண்டாக்கள் வந்து சேர்ந்தன. சேரனுக்குப் பேசிய வாடகையை மாமா கொடுத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை.

நான் எந்தக் கட்சி என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? விமானத்தில் நான் உங்கள் கட்சிதான். வாடகைக்கு வருவது எங்கே போய்விட்டு வருகிறது என்று நமக்குத் தெரியாது, முக்கியமான நாளில் அது வேறு வாசலில் நிற்கும். சேர்ந்து வைத்துக்கொள்வதும் நல்லதுதான். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் தேவை வந்தால் யாராவது வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. வகுப்பில் இதைச் சொன்னேன். ராஜ்குமார் சார், கட்சி மாறினால் மார்க் கிடையாது என்றார். பரவாயில்லை.

ஆனால் வீட்டில் நான் உங்கள் கட்சி இல்லை.

கோபப்படாமல் படியுங்கள். கவிதா மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டதை எழுதியிருந்தீர்கள். அதற்கு முன் தேவா அண்ணன் வேறு வீடு தேடினாரா என்று எழுதவில்லை. அவளைக் கேட்டார்களா என்றும் எழுதவில்லை. உங்கள் அப்பா அன்று புத்தக மூட்டையைச் சைக்கிளில் தள்ளிக்கொண்டு போனார் என்றீர்கள். நான் அந்தக் காட்சியைப் பலமுறை நினைத்துப் பார்த்தேன். எனக்கு அதில் வீட்டுக்காரர் தெரியவில்லை. பின்னால் அத்தையும் நீங்களும் நடந்து போவதுதான் தெரிகிறது. அடுத்த வீட்டுக்கு நீங்கள் மூன்று பேரும் சேர்ந்துதான் போனீர்கள்.

விழுப்புரத்து மாடி நம்முடையதாகவே இருக்கட்டும். அலமாரியும் போடட்டும். அது எங்கும் போய்விடாது, சும்மா நிற்கிற நாளில் அதற்குச் செலவும் இல்லை. லீவில் வரும்போது இருவரும் அங்கே இருப்போம். அத்தையிடம் நானே பேசுகிறேன். ஒரு ஊரிடம் அண்டா கேட்டவளுக்கு அதற்குத் தைரியம் வரும் என்று நினைக்கிறேன். வருத்தப்படுவார்கள், ஆனால் கேட்பார்கள். உங்களோடு தளத்து ஊருக்கு வந்தால் அங்கே இந்திதான், எனக்கு வராது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார். நீங்கள் மலைக்குப் போய்விட்டால் தனியாக இருக்க வேண்டும். எல்லாம் யோசித்துவிட்டேன். பத்து மாதம் ஜன்னலில் நின்று ஜங்ஷன் மைக்கைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட, காலையில் போய் மாலையில் திரும்புகிறவருக்காகத் தெரியாத ஊரில் காத்திருப்பது எனக்குச் சுலபம். ஒண்டுக் குடித்தனம் என்றாலும் சரி.

இதை முதல் கடிதத்திலேயே கேட்க நினைத்தேன். அப்போது உங்களை எப்படிக் கூப்பிடுவது என்றுகூட எனக்குத் தெரியாது.

பிப்ரவரியில் நீங்கள் திரும்பும் ரயிலுக்கு அறுபது நாள் முன்னதாகத்தான் முன்பதிவு தொடங்கும் என்று வேணி சொன்னாள். அது அடுத்த வாரம். அதனால்தான் இதை வேகத் தபாலில் அனுப்புகிறேன். உறையில் உங்கள் பெயரை நானே எழுதியிருக்கிறேன்.

டிக்கெட்டை இரண்டாக எடுங்கள்.

பிராமி